கழுதை ஏறியவர்களும் டி.சி. நிலமும்

ஓரிக்கையில் பேருந்து ஏறிப் பாலாற்றைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் உத்திரமேரூர். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் சிலரோடு அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்கப் போயிருந்தேன். குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் ஒன்றும், அதைத் திருத்தி 921இல் மற்றொன்றும் வெட்டப்பட்டன. அச்சிட்ட வாசகம் கையில் இருந்தது, ஒரு தம்பி உரக்கப் படித்தார். தேர்வில் கலந்துகொள்ளத் தகுதியற்றவர்களின் பட்டியலில் ‘கழுதை ஏறினார்’ என்று வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“கழுதை மேல போனா நிக்கக் கூடாதா அண்ணா? அப்போ துணி வெளுக்கிறவங்களைத்தான் சொல்றாங்களா?”

நியாயமான சந்தேகம். ஆனால் அது பொருள் அல்ல. குற்றம் செய்தவரைக் கழுதைமேல் உட்காரவைத்து ஊரைச் சுற்றி இழிவுபடுத்துவது அக்காலத் தண்டனை. கழுதை ஏறியவர் என்றால் அந்தத் தண்டனை பெற்றவர். பட்டியலில் அதற்கு அடுத்து நிற்பவர் ‘கூடலேகை’ செய்தவர், அதாவது பொய்ப் பத்திரம் எழுதியவர். பக்கத்துச் சொல்லைப் பார்த்தாலே கழுதை எதற்கு வந்தது என்று பிடிபட்டுவிடும்.

அந்தத் தம்பி நின்று கேட்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர்கள் நிற்காமல் படித்துப் போன சொற்கள்தான் உறுத்தின. குடும்பு, இறைநிலம், மந்திரப் பிராமணம், சதுர்வேதிமங்கலம். சிரிப்பு வரவில்லை, எனவே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

குடும்பு என்பது குடும்பம் அல்ல, வார்டு. மொத்தம் 30 குடும்புகள். அங்கிருந்து ஓலை எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால் யாருடைய பெயர் ஓலையில் ஏறும்? கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திரப் பிராமணம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மந்திரம், பிராமணம் இரண்டும் வேதத்தின் பகுதிகள். ‘இன்ன சாதியார்தான்’ என்று எழுதத் தேவையே இல்லை. வேதம் படிக்க யாரை விட்டார்கள் என்று கேட்டால் போதும். ஊரின் பெயரே பதில் சொல்கிறது. சதுர்வேதிமங்கலம் என்பது நான்கு வேதம் படித்தவர்களுக்குக் கொடுத்த ஊர், பிரமதேயம். சபை என்பதும் பொதுவாக எல்லா ஊரின் அவையும் அல்ல, பிரமதேயத்தின் அவை. மற்ற ஊர்களின் அவைக்கு ‘ஊர்’ என்றே பெயர்.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைத்தான் நம் ஜனநாயகப் பழமைக்குச் சான்றாகக் காட்டினார். கலைச்சொல்லை அதன் இடத்திலிருந்து பிடுங்கிவிட்டால் அது உருவகமாகிவிடும். பிறகு அந்தக் குடத்தை எந்த மேடையிலும் வைக்கலாம்.

‘இறை’ என்ற சொல்லில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். கல்வெட்டில் இறை என்றால் வரி. இறைநிலம் என்றால் வரி கட்டும் நிலம். இறையிலி என்றால் வரியில்லாதது. (கடவுள் இல்லாதது என்று படித்து நம் தோழர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம்.) தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. வரி இல்லையே, சலுகைதானே என்று தோன்றும். அதே அளவுகோலை உத்திரமேரூரில் வைத்துப் பாருங்கள். வரி கட்டும் நிலம் இருந்தால்தான் ஓலையில் பெயர். சேரி, சுடுகாட்டோடு சேர்ந்து கணக்குக்கு வெளியே நிற்கிறது.

திரும்பி வரும்போது கூட வந்த தங்கை ஒருத்தி தன் பாட்டியிடம் பழைய பட்டா ஒன்று இருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்குப் போனோம். பெட்டியிலிருந்து வந்த காகிதத்தின் ஓரத்தில், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. தங்கை ‘டி.சி.’ என்று வாசித்தாள். பாட்டிக்குச் சிரிப்பு. “பள்ளிக்கூடமே போகாத எனக்கு எதுக்குடி டி.சி.?”

அது பள்ளிக்கூடத்து டி.சி. அல்ல, டிப்ரஸ்டு கிளாஸ். இந்தப் பகுதியெல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை அளித்தார். தரிசை உழக் கேட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கிறது என்று எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழியே வந்ததுதான். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே தரலாம் என்பது நிபந்தனை. மீறினால் அரசு திரும்ப எடுக்கலாம். அந்த இரண்டு எழுத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. கரணை பஞ்சமி நில மீட்புக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்ததும் இதற்காகத்தான்.

பாட்டி வீட்டு நிலம் இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது. எப்போதோ கைமாத்துக்குக் கைநாட்டு வைத்ததாம். கைநாட்டு வைத்த தாளில் ‘கிரயம்’ என்று இருந்ததா, ‘அடமானம்’ என்று இருந்ததா என்று பாட்டிக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத அங்கேயே உட்கார்ந்தோம். தங்கை முதலில் ‘எங்கள் பஞ்சமி நிலத்தின் ஆவணம் வேண்டும்’ என்று எழுதினாள். அது மக்கள் வைத்த பெயர். பதிவேட்டில் அந்தச் சொல்லே இல்லாமல் இருக்கலாம். அப்படிக் கேட்டால் ‘இப்பெயரில் ஆவணம் ஏதும் இல்லை’ என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிடலாம். அடித்துவிட்டு மறுபடி எழுதினோம். புல எண், யூ.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல், குறிப்புரைக் கலம் உட்பட, டி.சி. அல்லது நிபந்தனை ஒப்படை என்ற பதிவு இருப்பின் அதன் விவரம். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.