மீன்தொட்டியும் வெப்பமூட்டியும் - சில எண்ணங்கள்

கதையும் கவிதையும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு நடுவே மீன்தொட்டியின் வெப்பமூட்டியைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்ற தயக்கம் எனக்கு இருக்கவே செய்தது. ஆனால் சென்ற மாதம் இரண்டு நண்பர்கள் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எந்தக் கம்பெனியின் ஹீட்டர் நம்பகமானது? நான் அளித்த பதில் இருவருக்கும் நிறைவளிக்கவில்லை. கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது என்பது என் எண்ணம். அதைத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் வசிப்பது உதகமண்டலத்தில். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். வீட்டுக்குள்ளும் விடியற்காலையில் 12, 13 பாகைக்கு மேல் இருப்பதில்லை. அமேசான் படுகையிலிருந்து வந்த நியான் டெட்ராவையோ ஏஞ்சலையோ இங்கே வெப்பமூட்டி இல்லாமல் வளர்ப்பது இயலாத காரியம். மீனுக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. தண்ணீரின் வெப்பம் எதுவோ அதுவே அதன் உடலின் வெப்பம். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் வலிமை குறையும், உடலெங்கும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும்.

முதல் ஹீட்டரைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். கடைக்காரர் அன்பானவர். "ஊட்டிங்களா? அப்ப முந்நூறு வாட்டே போட்டுருங்க சார், சீக்கிரம் சூடாயிரும்" என்றார். என் தொட்டி 100 லிட்டர். பெரியதாக வாங்குவதுதான் பாதுகாப்பு என்று நானும் நம்பினேன். ஓராண்டு உத்திரவாதச் சீட்டையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டபோது தொட்டியின் கண்ணாடி முழுதும் ஆவி படிந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிய தண்ணீரின் சூடு. வெப்பமானி 37 காட்டியது. இருபது டெட்ராக்களும் அடியில் கிடந்தன. நான்கு ஆண்டுகளாக, வேறு ஊரில் இருந்த காலத்திலிருந்தே, என்னுடன் இருந்த இரண்டு ஏஞ்சல்களில் ஒன்று நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுவும் மதியத்துக்குள் போய்விட்டது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஹீட்டர் பழுதானால் அணைந்துபோகும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பல்பு அப்படித்தானே பழுதாகிறது? சாதாரண ஹீட்டரின் உள்ளமைப்பு வேறு. கண்ணாடிக் குழலுக்குள் ஒரு நிக்ரோம் கம்பிச்சுருள், அதற்கு மேலே ஈருலோகப் பட்டை ஒன்று. வெப்பம் ஏறும்போது அந்தப் பட்டை வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கும். குளிரும்போது நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் பிரியும்போதும் தொடுமுனைகளில் சிறு தீப்பொறி எழுகிறது. ஒரு நாளைக்குப் பல முறை, ஆண்டு முழுதும். ஒருநாள் அந்த இரு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு பட்டை எவ்வளவு வளைய முயன்றாலும் தொடர்பு விடுவதில்லை. அணைந்துபோகிற பழுதும் உண்டுதான். ஆனால் கொல்வதில் முதலிடம் அணையாத பழுதுக்கே.

இப்போது கடைக்காரரின் முந்நூறு வாட்டுக்கு வருவோம். 100 லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 419 கிலோஜூல் ஆற்றல் தேவை. வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 300 வாட் ஹீட்டர் அதை 23 நிமிடத்தில் செய்துவிடும். 75 வாட் ஹீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். சீக்கிரம் சூடாவது என்பது மீன் வளர்ப்பில் ஒரு தேவையே அல்ல. தொட்டியை ஒருமுறைதான் சூடாக்குகிறோம். பிறகு இழக்கிற வெப்பத்தை ஈடுகட்டினால் போதும். என் தொட்டி அறையைவிடப் பன்னிரண்டு பாகை கூடுதலாக இருக்கும்போது அது இழப்பது எழுபது, எண்பது வாட் அளவில்தான். மின்சாரம் போன இரவுகளில் மணிக்கு அரைப் பாகைக்குச் சற்று மேலாகத் தண்ணீர் குளிர்வதைக் குறித்து வைத்திருக்கிறேன். கணக்கும் அதோடு பொருந்துகிறது. ஆக, மீதமிருந்த இருநூற்றுச் சொச்சம் வாட்டும் என் மீன்களைக் கொல்வதற்காக மட்டுமே அந்தக் குழலுக்குள் காத்திருந்தது எனலாம்.

சூடு மட்டும் காரணமன்று. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. கடல்மட்டத்தில் 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைவது, 30 பாகையில் ஏழரைக்கு வந்துவிடும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தமே கால் பங்கு குறைவு என்பதால் அதிலும் கால் பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த ஏஞ்சல் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடியது இதனால்தான்.

எனவே என் கட்சி இதுதான். பழுதாகாத ஹீட்டர் கிடையாது. எப்படிப் பழுதானாலும் மீன் பிழைக்கும்படியான ஏற்பாட்டைத்தான் நம்பகமானது என்று சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிப் பெயர் இதற்கு உத்திரவாதம் ஆகாது. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு, பரவலாக விற்பனையான ஹீட்டர் வகையொன்று தீப்பிடிக்கவும் வெடித்துச் சிதறவும் கூடும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டது. உத்திரவாதச் சீட்டோ, ஹீட்டருக்குப் பதில் ஹீட்டர் தரும். மீனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இப்போது என் தொட்டியில் 75 வாட் ஹீட்டர்கள் இரண்டு, இரு முனைகளிலும். ஒன்று ஒட்டிக்கொண்டு எரிந்துகொண்டே இருந்தாலும் மற்றது தானாக அணைந்துவிடும். 75 வாட்டால் குளிர்கால இரவில் தண்ணீரை ஓரிரு பாகைக்கு மேல் ஏற்ற இயலாது. கோடையிலும் மணிக்கு அரைப் பாகைதான் ஏறும். நான் விழித்தெழுந்து பார்க்க நேரமிருக்கிறது. ஒன்று அணைந்துபோனாலோ, மற்றது தண்ணீரை அபாய எல்லைக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்துவிடும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற பொதுக்கணக்கு பரவலாகச் சொல்லப்படுவது. அது அறைக்கும் தண்ணீருக்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்பதைக் கேட்பதே இல்லை. சமவெளியில் அதில் பாதி கூட மிகுதி.

மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மின்னழுத்தம் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் ஹீட்டரின் திறன் அதே விகிதத்தில் குறைவதில்லை, இருமடி விகிதத்தில் குறைகிறது. நூறு வாட் என்று எழுதியிருப்பது அறுபது வாட்டாகத்தான் வேலை செய்யும். அப்படிப்பட்ட ஊர்களில் சற்றுக் கூட்டியே வாங்க வேண்டும்.

இரண்டு ஹீட்டருக்கும் மேலாக, வெளியே வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் பொருத்தியிருக்கிறேன். தண்ணீருக்குள் ஓர் உணர்முனை. 25 பாகை ஆனதும் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஹீட்டர்களின் சொந்தத் திருகை 27-இல் வைத்திருக்கிறேன். தினசரி உழைப்பெல்லாம் கருவியின் பாடு; ஹீட்டரின் தொடுமுனைகள் பெரும்பாலும் ஓய்வில் இருக்கின்றன. கருவியின் ரிலேயும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளலாம். உணர்முனை தண்ணீரை விட்டு வெளியே விழுந்து, குளிர்ந்த அறைக்காற்றைத் தண்ணீர் என்று நம்பி இரவெல்லாம் சூடேற்றவும் செய்யலாம். அப்போது 27-இல் இருக்கும் பழைய திருகு காவல் நிற்கும். இரண்டும் ஒரே இரவில் கைவிட்டால் அது என் கெட்ட நேரம்.

திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 25 என்பது 23 ஆகவும் இருக்கும், 28 ஆகவும் இருக்கும். புதிய ஹீட்டரை இரண்டு நாள் ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்ட பிறகே தொட்டிக்குள் விடுகிறேன். கண்ணாடியின் வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானி பாதித் தண்ணீரையும் பாதி அறையையும் சொல்லும். அதை அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்க மறந்தால், வெளியே தெரியும் சூடான கண்ணாடி குளிர்ந்த நீர் பட்டதும் விரிசல் விடும். விரிசல் விட்ட குழலோடு தொட்டிக்குள் கையை விடுவது மீனைப் பற்றிய விஷயம் அன்று, நம்மைப் பற்றியது. 30 மில்லிஆம்பியர் கசிவு மின்துண்டிப்பான் இல்லாத வீட்டில் மீன்தொட்டி வேண்டாம் என்றே சொல்வேன். குழலின் உள்ளே ஈரம் கோத்திருப்பது தெரிந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

என் நண்பர் ஒருவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் பிடிப்பதில்லை. "குளிரூரில் உட்கார்ந்துகொண்டு அமேசான் மீன் எதற்கு?" என்பது அவருடைய வாதம். மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் மிஸ் கேரளாவை அவர் சுட்டிக்காட்டுவார். 1865-இல் பிரான்சிஸ் டே அதற்குப் பெயரிட்டபோது அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைத்தான் வைத்தார். நம் மலையின் மீனை விட்டுவிட்டு, என்று தொடங்குவார். பாதி உண்மை. தங்கமீனுக்கும் ஹீட்டர் தேவையில்லை. அதன் அருகே ஹீட்டரை விற்கும் கடைகளைக் கண்டிருக்கிறேன். சென்னையில் கப்பி வாங்குகிறவரின் பைக்குள்ளும் ஒரு ஹீட்டரைத் திணித்துவிடுகிறார்கள். டிஸ்கஸ் வளர்ப்பவரையும் நோய்க்குச் சிகிச்சை அளிப்பவரையும் தவிர அங்கே பெரும்பாலோருக்கு அது வீண் செலவு. ஆயினும் மிஸ் கேரளா கூட்டமாக நீந்தும் மீன். நான்கடி நீளமாவது தொட்டி வேண்டும். தவிர, இன்று அது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது; காட்டில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டால் நேரான பதில் கிடைப்பதில்லை. நண்பரிடம் இதைச் சொன்னால், அப்படியானால் மீனே வளர்க்காதே என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்றாலும், மறுபடியும் இரண்டு ஏஞ்சல்கள் இருக்கின்றன.

ஹீட்டரைத் தொட்டிக்குள் இறக்கும்போது அதன் ஒயரில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, மாதமும் ஆண்டும் எழுதி வைப்பது என் வழக்கம். இரண்டு ஆண்டு நிறைந்ததும், நன்றாக வேலை செய்தாலும், எடுத்துவிடுகிறேன். வலப்பக்கத்து ஹீட்டருக்கு வருகிற கார்த்திகையோடு கெடு முடிகிறது. அதற்குள் ஒருமுறை கோயம்புத்தூர் போய் வர வேண்டும். அந்தக் கடைக்காரர் இப்போதும் முந்நூறு வாட்டைத்தான் எடுத்து நீட்டுவார்.