ஒட்டுப் போடுவது கேவலமா?

"நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கறது லேத் பட்டறையில ஒட்டுப் போடவாடா?"

போன விடுமுறையில் சங்ககிரிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் மூன்று வாரம் நின்று வேலை பார்த்துப் பழகினேன் என்று சொன்னதற்கு வகுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதை இது. கேட்டவன் நல்ல நண்பன்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. புதிதாக ஒரு பொருளைச் செய்தால் அது இன்ஜினியரிங், தேய்ந்துபோனதைச் சரிசெய்தால் அது வெறும் பட்டறை வேலை என்று நம் எல்லோர் மண்டையிலும் ஏறியிருக்கிறது. அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தேய்ந்ததைச் சரிசெய்வது புதிதாகச் செய்வதைவிடக் கடினம் என்பது என் கட்சி. சும்மா சொல்லவில்லை, ஒரே ஒரு ஓட்டையை வைத்து நிரூபிக்கிறேன்.

அந்தப் பட்டறைக்கு வருவதில் பாதி வேலை கல்குவாரி இயந்திரங்களுடையது. பெல்ட் மேல் ஓடும் மண்வாரி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம் ஊரில் அது 'ஹிட்டாச்சி'தான். பேப்பர்காரர்களுக்கு அதுவே 'பொக்லைன்'. இரண்டுமே கம்பெனிப் பெயர்கள். அதன் கையில் மூன்று பாகம்: உடம்போடு சேர்ந்த பூம், அதற்கு அடுத்து ஆர்ம், நுனியில் பக்கெட். மூன்றையும் மடக்கி நீட்ட வைப்பவை பின்கள். இருபது டன் இயந்திரத்தில் பக்கெட்டைப் பிடித்திருக்கும் பின் சுமார் 80 மி.மீ. தடிமன் இருக்கும்.

ஆர்மின் நுனியில் குறுக்காக ஒரு தடித்த குழாய் பற்றவைக்கப்பட்டிருக்கும். பட்டறையில் அதற்குப் 'பாஸ்' என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு எஃகு புஷ் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், பின் அந்தப் புஷ்ஷுக்குள் அசையும். குவாரித் தூசியில் இதற்கு தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பழைய கிரீஸும் கல்தூளும் சேர்ந்து எமரி பேஸ்ட் மாதிரி ஆகி, பின்னையும் புஷ்ஷையும் அரைத்துவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பிரச்சினை இல்லை, தேய்வதற்காகவே வைத்த பாகங்கள் அவை, மாற்றிக்கொள்ளலாம். "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்" என்று விட்டால்தான் வினை. புஷ் தளர்ந்து பாஸுக்குள் தானே சுற்ற ஆரம்பிக்கும். வட்டமாக இருந்த பாஸ் ஓட்டை முட்டை வடிவம் ஆகும். அதற்கப்புறம் எத்தனை புதுப் பின் போட்டாலும் ஆட்டம் நிற்காது.

ஆட்டம் என்றால் என்ன, கொஞ்சம் ஆடினால் ஆடட்டுமே என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போடுவோம். பாஸின் நீளம் 300 மி.மீ., பக்கெட் பற்கள் அங்கிருந்து 1,400 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னில் 2 மி.மீ. ஆட்டம் இருந்தால் பல் நுனி பக்கவாட்டில் 9 மி.மீ.க்கு மேல் ஆடும். இதைவிட மோசம், ஒவ்வொரு முறை பக்கெட் பாறையில் மோதும்போதும் பின் அந்த இடைவெளியைத் தாண்டிச் சுத்தியல் மாதிரி அடிக்கும். அந்த அடியில் பாஸைப் பிடித்திருக்கும் பற்றவைப்பு விரிசல் விடும். அதாவது ஆட்டமே அடுத்த ஆட்டத்தைப் பெற்றுப் போடும்.

நான் இருந்தபோது வந்த ஆர்ம் இப்படிப்பட்டதுதான். அதன் உரிமையாளர் வரும்போதே இரண்டு தீர்ப்போடு வந்தார். ஒன்று டீலரிடம் கேட்டது: "ஆர்மையே மாத்திடுங்க." இன்னொன்று பக்கத்துக் குவாரிக்காரர் சொன்னது: "தகடு வெட்டிச் சொருகி, புஷ்ஷைச் சுத்தி நாலு இடத்துல வெல்டிங் வெச்சு ஓட்டுங்க."

இரண்டும் எதிரெதிர் ஆலோசனை மாதிரித் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் யாரும் அந்த ஓட்டையை அளந்து பார்க்கவில்லை.

அளந்தால் என்ன தெரியும்? ஓட்டை 100 மி.மீ. விட்டம், புஷ் உட்காரும் நீளம் 100 மி.மீ., சராசரியாகச் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. இரும்பு போயிருக்கிறது என்று வையுங்கள். போன இரும்பின் எடை சுமார் 370 கிராம். இரண்டு முனையும் சேர்த்தால் முக்கால் கிலோ. முக்கால் கிலோ இரும்புக்காகப் பல நூறு கிலோ ஆர்மைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்கிறார் ஒருவர். அந்த முக்கால் கிலோ போனதையே கண்டுகொள்ளாமல் தகடு சொருகச் சொல்கிறார் இன்னொருவர். இதில் எவர் இன்ஜினியர்?

சரி, பட்டறையில் என்ன செய்தார்கள்?

முதல் கேள்வி: மையம் எங்கே? இங்கேதான் என் கட்சிக்கு முக்கியமான சாட்சி இருக்கிறது. புதிதாகச் செய்பவனுக்குக் கையில் வரைபடம் உண்டு. எந்த விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. என்று அதில் எழுதியிருக்கும். பழுது பார்ப்பவனுக்கு அது கிடையாது. அவன் முன்னால் இருப்பது முட்டை வடிவ ஓட்டை. அந்த முட்டையின் நடுப்புள்ளி பழைய மையம் அல்ல, ஏனென்றால் பளு இழுத்த பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அப்படியானால் தேயாத இடம் எது என்று தேட வேண்டும். இரண்டு புஷ்ஷுக்கும் நடுவில் பின் தொடாத பகுதி, சீல் உட்காரும் படி, மேலே இருக்கும் அடுத்த பின் ஓட்டை, இவற்றையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டு விசாரித்துத்தான் பழைய மையத்தைப் பிடிக்க முடியும். இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், அந்தக் கோடு மற்றப் பின்களுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் புதுப் புஷ் ஒரு பக்கமாகத் தின்னப்பட்டுச் சில மாதத்தில் ஆர்ம் திரும்பி வந்து நிற்கும்.

பட்டறை அண்ணன் ஒருவர், ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர், இதற்கு மட்டும் ஒரு முழுக் காலையைச் செலவழித்தார். "தம்பி, வெட்டறது அரை நாள் வேலைங்க. எங்க வெட்டறதுன்னு கண்டுபிடிக்கறதுக்குத்தான் கூலி" என்றார். அந்தக் கூலியைத்தான் எந்த உரிமையாளரும் கொடுக்க மறுக்கிறார். மிஷின் ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு, யோசித்த நேரத்துக்குக் கிடையாது!

அடுத்தது லைன் போரிங். ஆர்மை லேத்தில் மாட்டிச் சுற்ற முடியாது. அதனால் பொருள் அசையாமல் கிடக்க, இரண்டு முனைக்கும் ஊடாக ஒரு நீளக் கம்பியைச் செலுத்தி, அதில் வெட்டும் டூலை மாட்டி, கம்பியைச் சுற்றுகிறார்கள். முதலில் முட்டையை வட்டமாக்கி நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார்கள். பிறகு உள்பக்கம் முழுவதும் வெல்டிங்கால் இரும்பை ஏற்றினார்கள். பிறகு மறுபடியும் அதே மையத்தில் அளவுக்கு வெட்டினார்கள். 100 மி.மீ. ஓட்டைக்கு ஹெச்7 என்ற அளவில் அனுமதிக்கப்படும் பிழை மொத்தமே 0.035 மி.மீ. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பாதி. 'ஒட்டுப் போடற வேலை' என்று நாம் சிரிப்பது இதைத்தான்.

வெல்டிங்கும் லேசுப்பட்டதல்ல. தடித்த இரும்பை முன்சூடு செய்யாமல் பற்றவைத்தால் அது சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். 7018 ராடு ஈரம் குடித்திருந்தால் 300 டிகிரிக்கு மேல் சுட்டு உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தின் ஹைட்ரஜன் பற்றவைப்புக்குள் போய், சில மணி நேரமோ சில நாளோ கழித்து விரிசலாக வெளியே வரும். அதற்குள் வெல்டர் கூலி வாங்கிப் போயிருப்பார். இயந்திரத்தோடு வைத்துப் பற்றவைத்தால் பேட்டரியைக் கழற்ற வேண்டும், எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொத்துவிடும்.

கடைசியில் புஷ். ஓட்டையைவிடப் புஷ் கொஞ்சம் பெரிது, அப்போதுதான் இறுகி உட்காரும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ் விளிம்பு உடையும், ஓட்டை கீறும். உலர் பனிக்கட்டியில் வைத்தால் -78 டிகிரிக்குக் குளிர்ந்து 100 மி.மீ. புஷ் சுமார் 0.12 மி.மீ. சுருங்கும். கையால் தள்ளினால் போய் உட்காரும். பிளஸ் டூவில் படித்த வெப்ப விரிவாக்கம்தான்! நான் அதைப் பரீட்சையில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். அது வேலை செய்வதைப் பார்த்தது அந்தப் பட்டறையில்தான்.

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "எல்லாப் பட்டறையும் இப்படியா செய்யுது?" இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அளவில்லாமல், முன்சூடு இல்லாமல், கண் மதிப்பில் வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். ஒட்டு வேலைக்குக் கெட்ட பெயர் வந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எதையும் சரிசெய்துவிடலாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. விரிசல் எங்கே முடிகிறது என்று சோதித்துக் கண்டுபிடிக்காமல் அதன் மேல் பற்றவைப்பது கீழே நிற்கும் ஆளின் உயிரோடு விளையாடுவது. முறுக்கேறிப்போன ஆர்மைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். எதைச் சரிசெய்யலாம், எதைக் கூடாது என்று பிரிப்பதும் இதே படிப்பில் அடக்கம். மோசமான டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வைத்தியமே வேண்டாம், நோயாளியை மாற்றிவிடுங்கள் என்றா சொல்கிறோம்?

இன்னொரு வாதம்: "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா? அவனே மாத்தச் சொல்றானே." இதற்குப் பதில் கம்பெனிகளிடமே இருக்கிறது. கேட்டர்பில்லர் 1973 முதல் தேய்ந்த பாகங்களைத் திரும்ப வாங்கி, சரிசெய்து, உத்தரவாதத்தோடு விற்கிறது. கொமாட்சுவும் இதே வியாபாரம் செய்கிறது. அதற்கு 'ரீமேனுஃபேக்சரிங்' என்று கௌரவமான பெயர். அவர்கள் செய்தால் ரீமேனுஃபேக்சரிங், சங்ககிரி அண்ணன் செய்தால் ஒட்டு வேலை. ஹூம்!

அந்த அண்ணனுக்கும் கம்பெனிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், கம்பெனியிடம் வரைபடம் இருக்கிறது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24-ல் அதற்கு ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் மண்வாரி இயந்திரம் அந்த நான்கில் தனியாக இடம் பெறவில்லை. ஒரு பின் ஓட்டையின் விட்டம், அனுமதிக்கப்படும் தேய்மானம், இரும்பின் வகை, இந்த மூன்று எண்களைக் கொடுத்தால் எந்தக் கம்பெனி மூழ்கிவிடும்? ஒற்றை இயந்திரத்தைக் கடனில் வாங்கி வட்டி கட்டுபவருக்கு அந்த மூன்று எண்கள்தான் மூழ்குவதற்கும் மிதப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியாக நம் கல்லூரிகள். லேபில் புத்தம்புது ராடை எடுத்து டேப்பர் டர்னிங் செய்கிறோம், மரை வெட்டுகிறோம், ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறோம், ராடைக் குப்பையில் போடுகிறோம். மெட்ராலஜி லேபில் போர் கேஜ் இருக்கிறது, அதை வைத்து நாம் அளப்பது வட்டமான ஓட்டையை. விடை முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு செமஸ்டர், ஆளுக்கொரு தேய்ந்த பாகத்தைக் கொடுத்து, "இதன் பழைய மையத்தைக் கண்டுபிடி, சரிசெய்யலாமா கூடாதா என்று காரணத்தோடு எழுது" என்று கேட்டுப் பார்க்கட்டும். எத்தனை பேர் தேறுவோம் என்று தெரிந்துவிடும். நான் முதல் முறை தேறவில்லை. முட்டையின் நடுப்புள்ளியைத்தான் மையம் என்று சாக்பீஸால் குறித்தேன். அண்ணன் திட்டவில்லை, துணியால் துடைத்துவிட்டு, "தேயாத இடத்தைப் பாருங்க தம்பி" என்றார்.

அந்த ஆர்ம் மூன்றாம் நாள் லாரி ஏறிப் போனது. கூலியில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று உரிமையாளர் அரை மணி நேரம் பேரம் பேசினார். புது ஆர்ம் வாங்கியிருந்தால் டீலரிடம் பேரம் பேசியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. என் நண்பனின் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் தெரியும். ஆமாம்டா, நாலு வருஷம் படிப்பது இதற்கும்தான். படித்தும் இது வரவில்லை என்றால்தான் கேவலம்.