சதுப்பில் மரம் வேண்டாம், கோரை நடலாமே!

மரக்கன்று நடும் விழா என்றாலே மகளிர் குழுக்களுக்குத்தான் முதல் அழைப்பு வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் நீலகிரிப் பக்கம் அந்தக் கன்றுகளைச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் நட்டால் என் மனசு கேட்க மாட்டேங்குது. 'சும்மா கிடக்கிற சேறுதானே' என்கிறார்கள். மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவதே அந்தக் கறுப்புச் சேறுதான் சகோதரிகளே! ஊற்று வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையப் போவது யார்? நாம்தானே?

விறகுக்காக 1843-லேயே இங்கே தைல மரம் வந்துவிட்டது. கூடவே சீகை மரம், தேயிலை, கேரட், உருளை. சதுப்பு சுருங்கிக்கொண்டே போனது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்பில் வளர்வதுதான்.

கோரை என்றதும் பாத்தியில் முளைத்து உயிரை வாங்கும் கோரைக்கிழங்கு ஞாபகம் வரும். பயப்படாதீர்கள். நான் சொல்வது மலைச் சதுப்பில் தூர் கட்டி நிற்கும் கோரை. கிழங்கு விட்டுப் பரவாது. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக இருக்கும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும்.

விதை போட்டால் முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். ஆழப் புதைத்தால் முளைக்கவே முளைக்காது. தூர் பிரிப்பதே சுலபம். மழை தொடங்கும்போது, அந்தந்தச் சதுப்பிலிருந்தே பத்துத் தூருக்கு ஒன்று மட்டும் எடுங்கள். (ஆசைப்பட்டு அள்ளிவிட்டால் இருப்பதும் போச்சு!) வேரோடு நாலைந்தாகப் பிரித்து, இலையைப் பாதியாக நறுக்கி, சதுப்பு மண் போட்ட பையில் வையுங்கள். பைகளை ஒரு பழைய தொட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்தினால் போதும். ஒருநாள்கூடக் காயக் கூடாது. உறைபனியில் இலை கருகினாலும் தூர் உயிரோடிருந்தால் மறுபடி துளிர்க்கும். வேர் பிடித்ததும் ஓடைக்கரை ஈரத்தில், ஒரு முழ இடைவெளியில் நடலாம். முதல் வருஷம் மாடு மிதிக்காமல் முள் வைத்துக் காக்க வேண்டும், அதுதான் பெரிய வேலை.

நாற்றுப் பண்ணை நடத்தும் குழுக்கள் ஒரே ஒரு பாத்தியைக் கோரைக்கு ஒதுக்கினால் என்ன? விழாக்காரர்கள் கன்று கொண்டு வந்தால் வாங்கிக்கொண்டு, "மேட்டிலே நட்டுக்கறோம், சதுப்புக்கு வேண்டாம்"னு தைரியமாகச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கோத்தகிரி.