14,000 கிலோமீற்றரும் ஒரு கடவுச்சீட்டும்

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூமியுருண்டையின் மீது இவ்விரு இடங்களையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டினால், அந்நூல் கிறீன்லாந்தின் பனிப்பரப்பையும் ஸ்கண்டிநேவியாவின் வடபகுதியையும் தொட்டு, ரஷ்யாவையும் கசகஸ்தானையும் கடந்து தெற்கே இறங்கும். அவ்வழியே நேராகப் பறக்கும் பயணிகள் சேவை கிடையாது. இலண்டனிலோ டோகாவிலோ டுபாயிலோ விமானம் மாறியே செல்லவேண்டும். வானில் கழிவது 17, 18 மணி நேரம். காத்திருப்பையும் சேர்த்தால் 20 மணிக்குக் குறையாது. திரும்பி வருகையில் மேல்வானக் காற்று எதிர்ப்படுவதால் இன்னும் சிறிது கூடும். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் தரைவழிக்கு மேலும் ஏழெட்டு மணி நேரம்.

ஆகவேதான், தாயின் மறைவுச் செய்தி சொல்லும் உறவினர், "இரண்டு நாட் பயணந்தானே, வந்து கொள்ளி வைக்கக்கூடாதா?" என்று கேட்கின்றனர். அவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. அவர்கள் எண்ணுவது விமானத்தின் மணிக்கணக்கை மட்டுமே.

எம்மவர் இங்கு வந்து சேர்ந்த கணக்கு வேறு. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்கே கடந்தவர்கள் எத்தனை பேர்! 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளிலிருந்து 150க்கும் மேற்பட்ட தமிழர் மீட்கப்பட்டதை மறப்பதற்கில்லை. வருவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் எடுத்தவர்களுக்கு, போவதற்கு ஒரு நாள் போதும் என்பதே இன்றைய பொறி.

தஞ்சக் கோரிக்கைக்குத் தீர்ப்பை எதிர்பார்த்திருப்பவர் வெளியேறினால் மீண்டும் உள்ளே வருவதற்கு உறுதியில்லை என்பதைப் பலரும் அறிவர். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை பெற்றவரே ஏமாந்துபோகின்றனர். 2012 டிசம்பர் 15 முதல் நடைமுறையிலுள்ள கனேடியச் சட்டத்தின்படி, அத்தகையவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தாயகம் சென்றுவந்தால், அந்நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடியவர் என அரசு வழக்குத் தொடுக்கலாம். வழக்கில் தோற்றால் அகதி நிலையுடன் வதிவுரிமையும் சேர்ந்தே பறிபோகும். கனேடியக் குடியுரிமை பெற்றுவிட்டவரையும், வாழ்க்கைத்துணையின் அழைப்பால் வந்தவரையும் இந்த விதி தீண்டாது. ஏனையோர் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதை இனியும் தள்ளிப்போடலாகாது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்க முன்னரே சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

முதிய பெற்றோரைச் சென்னையில் சந்திப்பது ஒரு மாற்றுவழி. பலாலியிலிருந்து சென்னை சுமார் 350 கிலோமீற்றர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்பு. 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அகதிப் பயண ஆவணத்துடன் செல்வோர் இந்திய விசாவுக்கு நெடுநாள் முன்னரே முயலவேண்டும் என்பதுதான் இதிலுள்ள இடர்.

பயணச்சீட்டு விற்கும் எம்மவர் நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். மலிவான கட்டணத்தையும் பறப்பு நேரத்தையும் சொல்வதற்கு முன்னர், எந்த ஆவணத்தில் பயணம் செய்யப்போகின்றார் என்பதை வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேளுங்கள்.