நாவாயும் ஓடமும்

துறைச் சுற்றுலாவிற்கு இடம் தேரும்பொழுது ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுவது இயல்பு. மலையா, கடலா என்பதே பெரும்பாலும் வழக்கின் பொருளாக இருக்கும். இவ்வாண்டு கடலென்று முடிவான பின்னரும் வழக்கு ஓயவில்லை. 2022 ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணத்தைத் தொடங்கிய ‘எம்பிரஸ்’ போன்ற உல்லாசக் கப்பலில் ஒருமுறையேனும் ஏற வேண்டும் என்றனர் மாணாக்கருள் ஒரு சாரார். பிச்சாவரத்துத் துடுப்புப் படகே போதும் என்றனர் மற்றொரு சாரார். நாம் இரண்டாம் சாராரின் பக்கம் நின்றோம். நின்றதன் காரணத்தை இம்மலரில் எழுதிவைக்கத் தோன்றிற்று.

கடலில் செல்வனவற்றிற்கு நம் மொழியில் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. கடல் கடந்தவை நாவாய், வங்கம். கழியிலும் கரையோரத்திலும் இயங்கியவை அம்பி, பஃறி, திமில், ஓடம். பட்டினப்பாலை காட்டும் பஃறிகள் உப்பை விற்று நெல்லேற்றி வந்து, இலாயத்துக் குதிரைகள்போல் கட்டுண்டு நிற்கும். பெரியதற்கும் சிறியதற்கும் வேலை வேறு. ஆயினும் இரண்டிற்கும் வேலை இருந்தது என்பதை ஈண்டு நோக்க வேண்டும். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் மரக்கலங்களும் வாணிகத்திற்கே பாய் விரித்தன.

நம் சமுதாயத்தார்க்குப் பெருங்கப்பல் என்பது அண்மைக் காலம் வரை ஓய்வுக்குரிய பொருளாக இருந்ததில்லை. அது பிழைப்புக்கு வழி. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களுள் நம் வீட்டு நன்னாவும் ஒருவர். அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அத்தொடர்பு அறுந்தது. பம்பாயிலிருந்து ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பலும் 1995இல் நின்றுபோயிற்று. பிழைப்புக்காகவும் கடமைக்காகவும் ஏறிய கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் எவரும் ‘உல்லாசம்’ என்று சொல்லக் கேட்டதில்லை. வாந்தியும் வெயிலும் கண்ணீருமே அவர்கள் கதைகளில் மிகுதி.

இன்றைய உல்லாசக் கப்பல் வேறு வகை. எம்பிரஸ் 1990இல் கட்டப்பெற்றது. பதினொரு தளங்கள் உடையது. ஏறத்தாழ 1,800 பேரைக் கொள்ளும். அதன் இரண்டு இரவுப் பயணம் ஒன்று நடுக்கடல்வரை சென்று, எக்கரையும் சேராமல் புறப்பட்ட துறைக்கே திரும்பியது. கப்பலுக்குள் சூதாட்டக் கூடமும் உண்டு. 2022இல் புதுச்சேரி அரசு இக்கப்பலுக்கு இசைவு மறுத்தபொழுது எழுந்த எதிர்ப்பில் அதுவே முன்னின்றது. நம் கல்லூரி மாணாக்கரை அழைத்துச் செல்ல நாம் தயங்கியதற்கு இஃது ஒன்றே போதும். எனினும் இதைவிட நம்மை உறுத்திய காரணம் வேறு.

நம் மாணாக்கருள் பலர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள். சிலர் விடுமுறை நாள்களில் தாமே ‘ஷிப்ட்’டுக்குச் செல்பவர்கள். கழுத்தில் அடையாள அட்டை, விடியுமுன் கம்பெனிப் பேருந்து, முறை வைத்துச் சாப்பாடு, ஒலிபெருக்கி அறிவிப்பு, குளிரூட்டிய கூடம் என்பதே அவர்கள் வீட்டார் நாளும் காணும் உலகம். உல்லாசக் கப்பலிலோ, அறையைத் திறக்கவும் அட்டை, பொருள் வாங்கவும் அட்டை. உணவு குறித்த நேரத்தில், குறித்த கூடத்தில். மேலே ஓயாத அறிவிப்பு. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு தேடிப் போய், மிதக்கும் தொழிற்சாலை ஒன்றில் நுழைவதா? குறைந்த கட்டணத்திற்குக் கிடைக்கும் உள்ளறைக்குச் சாளரமே கிடையாது. பணம் குறைந்தவர்க்குக் கடலின் நடுவிலும் கடல் தெரியாது என்பதை எண்ணும்பொழுது சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

இவ்வாறெல்லாம் வகுப்பில் எடுத்துரைத்துக்கொண்டிருந்தபொழுது மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, எங்கள் அத்தா பத்து வருஷத்துக்கு மேல் கார் செய்கிறார். அவர் செய்த கார்கள் கப்பலேறி வெளிநாடு போய்விட்டன. நாங்கள் மட்டும் என்றைக்கும் ஓடத்தில்தான் போக வேண்டுமா?” என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. நமக்கும் உடனே மறுமொழி தோன்றவில்லை. இவ்வட்டாரத்துக் கார்கள் எண்ணூரில் ஆயிரக்கணக்கில் கப்பலேறுவதை யாவரும் அறிவர். அவற்றைப் பூட்டி முடித்த கைகள் அக்கப்பலைக் கண்டதில்லை என்பதும் உண்மை. எளிமை நன்றென்று நாம் போதிப்பது, வேறு வழியில்லாதவரிடம் போதிப்பதாகிவிடக் கூடாது. மாணவரின் கேள்வி நேர்மையானது என்றே அன்று சொன்னோம். கப்பலை வேண்டாமென்பது நம் விருப்பம். கட்டணம் கேட்டு வாயடைத்து நிற்பது விருப்பமன்று. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு அதில் ஏற, மாத ஊதியம் முழுவதையும் எடுத்து வைத்தாலும் போதாது.

பெற்றோர் சிலரின் அச்சம் மறுதிசையில் இருந்தது. சிறுபடகைக் காட்டிலும் பெருங்கப்பலே பாதுகாப்பு என்றனர். அதையும் எளிதில் தள்ளிவிட இயலாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் மீண்டும் 22 உயிர்கள். அங்கே படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தனர். ஆகவே மிதவைச் சட்டை அணியாதவர் படகில் கால் வைக்கலாகாது, ஆளெண்ணிக்கை ஒன்று கூடினும் இறங்கிவிட வேண்டும் என்ற இரண்டையும் எழுதிக் கையொப்பம் வாங்கிய பின்னரே புறப்பட்டோம். நம் மாணாக்கருள் சிலர் முதன்முதலாகப் படகில் ஏறியது 2015 டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூர், வரதராஜபுரத் தெருக்களில் என்பதையும் மறக்கலாகாது. அன்று அவர்களை மீட்டவை மீனவர்களின் சிறுபடகுகளே.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14இல் கப்பல் போக்குவரத்துத் தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கியது. 150 பேர் அமரலாம்; சில மணி நேரத்தில் மறுகரை. அங்கே ஆடலரங்கு இல்லை. ஆனால் கரை இருக்கிறது, கரையில் நம் மொழி பேசுவோர் இருக்கின்றனர். கப்பல் வேண்டுமென்ற மாணவரிடம், கடவுச்சீட்டு எடுத்துக்கொள், இதில் ஒருநாள் போவோம் என்று வாக்களித்திருக்கிறோம்.

பிச்சாவரம் சென்றோம். விசைப்படகு நுழைய இயலாத குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகு நுழைந்தது. சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் தோளை உரசின. சிதம்பரத்திற்குத் தில்லையெனப் பெயர் தந்த மரத்தைப் படகோட்டி கைநீட்டிக் காட்டி, அதன் பால் கண்ணில் படலாகாதென எச்சரித்தார். இலக்கியத்தில் பன்முறை நாம் நடத்திய மரத்தை முதன்முறையாக அருகில் கண்டது அன்றுதான் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம்மிடம் வினாத் தொடுத்த மாணவர் படகோட்டியிடம் இசைவு பெற்றுத் துடுப்பை வாங்கினார். படகு முன்னே செல்லாமல் வட்டமிட்டது; பின் வேரில் முட்டி நின்றது. “ஐயா, இது கார் செய்வதைவிடக் கஷ்டம்” என்றார். படகோட்டி சிரித்துக்கொண்டே துடுப்பைத் திரும்ப வாங்கவில்லை. நாங்கள் வெளிவர நெடுநேரம் ஆயிற்று.