அறுபதுக்கு யாரையெல்லாம் அழைப்பது?

தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டு மறுபடி வருவதைத்தான் மணிவிழாவாகக் கொண்டாடுகிறோம். 1965 சித்திரையில் பிறந்த விசுவாவசு 2025 சித்திரையில் திரும்பி வந்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் 1971 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, 1981இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த ஆண்டான பராபவத்தில் பிறந்தவர்கள் வருகிறார்கள். இவர்களில் பலர் வீட்டு விழாவோடு நிற்பதில்லை. ஒன்றாகப் படித்தவர்கள் கூடி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். படித்த பள்ளியில் அல்லது ஊர்க் கல்யாண மண்டபத்தில் காலையில் கூடுகிறார்கள். இருக்கிற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, இறந்துபோனவர்களுக்கு ஒரு நிமிட மௌனம், பிறகு கேக், மதியச் சாப்பாடு, குழுப் படம்.

இதை ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. 2018இல் ‘96’ படம் வந்ததிலிருந்து தொற்றிக்கொண்ட மோகம் என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் சமூகத்தில் அறுபது வயதைக் கொண்டாட வேறு வழி இல்லாத பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கூடல்தான் வாய்த்திருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அழைப்பு போவதில்லை என்பதும் உண்மை.

முதலில் வீட்டு விழாவைப் பார்ப்போம். திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று தம்பதிகள் மாலையும் கழுத்துமாக வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சுற்றி நிற்பார்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கிடப்படுவது யாருடைய வயது? ஆணுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு ஐம்பத்து மூன்றோ ஐம்பத்தைந்தோ இருக்கும். ஐந்தோ ஏழோ ஆண்டு கழித்து அவருக்கு அறுபது நிறையும்போது கலசம் வைப்பாரில்லை, பத்திரிகை அடிப்பாரில்லை. அன்றைக்கும் அவர்தான் அடுப்படியில் நிற்பார்.

கணவரை இழந்தவருக்கு இந்த விழாவே கிடையாது. மனைவியை இழந்தவருக்கும் கிடையாது. மணம் செய்துகொள்ளாதவர், பிரிந்து வாழ்கிறவர், பிள்ளைகள் முன்வந்து செலவு செய்ய முடியாதவர் என்று விலக்கிக்கொண்டே போனால், அறுபதைத் தொட்டவர்களில் விழா காண்பவர் எத்தனை பேர்? தனி ஒருவர் அறுபது ஆண்டு உயிரோடு இருந்ததைக் கொண்டாட நம் சடங்குகளில் இடமே இல்லை.

வகுப்புத் தோழர்களின் கூடலில் இந்தக் கேள்வி எதுவும் எழாது. உன்னோடு படித்தேன், உனக்கும் எனக்கும் ஒரே வயது, வந்து உட்கார் என்பதோடு சரி. சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்த அறுபதாம் ஆண்டுக் கூடலுக்கு நான் போயிருந்தேன். மாலை போடும் நேரம் வந்ததும் ஒரு பெண் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்ததாம். அதைப் பார்த்த இன்னொரு பெண், “ஏட்டி, அங்கன எங்க போற? உனக்குத்தான அறுபது, உன் வீட்டுக்காரருக்கா?” என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தானே மாலையைப் போட்டார். கூட்டம் கைதட்டவில்லை. யாருக்கும் அது பெரிய காரியமாகத் தெரியாததே காரணம். உறவினர் நிறைந்த எந்த மண்டபத்திலும் அந்தக் கை அவ்வளவு எளிதாக நீண்டிருக்காது.

அன்று அவரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். ஊரில் அவர் யாருக்கோ அம்மா, யாருக்கோ மதினி, தெருப் பிள்ளைகளுக்கு ஆச்சி. பெயர் சொல்லிக் கூப்பிட இருந்த பெற்றோரும் கணவரும் போய்விட்டார்கள். அறுபது வயதுப் பெண்ணை வெறும் பெயரால் கூப்பிடும் உரிமை கடைசியில் கூடப் படித்தவர்களிடம்தான் மிஞ்சுகிறது.

ஒரு வகுப்பே ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுவது செயற்கையாகத் தோன்றலாம். உண்மையில் அந்தத் தலைமுறைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. வீட்டில் பிறந்த பிள்ளைகள். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. புரட்டாசியில் மழை ஊற்றிய அன்று என்றோ, பெரியவன் பிறந்து இரண்டாவது வருசம் என்றோதான் அம்மாக்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனால், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கணக்கு. தலைமையாசிரியர் ஐந்து ஆண்டைக் கழித்து, மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அரசு ஊழியர்களில் ஏராளமானோர் மே 31 அன்று ஒட்டுமொத்தமாக ஓய்வுபெறுவதற்கு இந்தத் தேதிகளுக்கும் பங்குண்டு. ஓய்வு வயது 58ஆக இருந்து 2020இல் 59, 2021இல் 60 ஆயிற்று. அதனால் இந்த வகுப்பில் அரசு வேலைக்குப் போனவர்களுக்கு அறுபதாம் பிறந்தநாளும் பணி நிறைவும் ஒரே மாதத்தில் வருகின்றன. சாதகத்தில் இருக்கும் பிறந்தநாள் குடும்பத்துக்கு உரியது. சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் பிறந்தநாள் அந்த வகுப்புக்கே பொதுவானது. அதை வகுப்பாகச் சேர்ந்து கொண்டாடுவதுதான் முறை.

அந்தப் பதிவேட்டை நான் இங்கே காரணத்தோடுதான் இழுத்துவருகிறேன். கூடல்களுக்கு ஆள் சேர்ப்பது எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். யாரோ ஒருவர் பெட்டிக்குள் இருந்த பத்தாம் வகுப்புக் குழுப் படத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். முகங்களுக்குப் பெயர் எழுதுகிறார்கள். இவன் கோயம்புத்தூர், அவன் துபாய், அவள் டீச்சர் என்று எண்கள் சேருகின்றன. அந்தப் படமே வகுப்பு என்று ஆகிவிடுகிறது. ஆனால் 1971இல் ஒன்றாம் வகுப்பில் கூட உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் 1981இல் அந்தப் படத்துக்குள் இருந்தார்கள்?

ஐந்தாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி முடிந்தது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். வயசுக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் நிறுத்தப்பட்டார்கள். கரிசல் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியும் முன்பே ஊருக்குள் வந்து நிற்கும். கட்டை அடுக்கப் போகிற பிள்ளைகளைத் தூக்கத்தோடு ஏற்றிக்கொண்டு போகும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல் தொடங்கியபோது இந்த வகுப்பு பத்தாவதை முடித்திருந்தது. பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது 1984இல். எட்டாவதாவது படித்த ஏழைப் பெண்களுக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி வந்தது 1989இல். அதற்குள் இவர்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பிள்ளை பெற்றவர்கள். பின்னால் வந்த தம்பி தங்கைகளைப் பள்ளியில் பிடித்து நிறுத்திய ஒவ்வொரு திட்டமும் இவர்களுக்கு ஓராண்டு, மூன்றாண்டு, எட்டாண்டு பிந்தித்தான் வந்தது. பாதியில் நின்றது அவர்களுடைய குற்றமல்ல. ஆனால் அறுபதாம் வயதிலும் அதே இடத்தில் அவர்களுடைய பெயரை அடித்துவிடுகிறோம்.

சாத்தூர்க் கூடலில் இதை நேரில் கண்டேன். பள்ளி வாசலில் சாமியானா போட்டுக்கொண்டிருந்த ஒருவர், மேடையில் பேசியவரை ஒருமையில் அழைத்து ஏதோ கேட்டார். விசாரித்தால், அவரும் இதே வகுப்பு. ஏழாவதோடு நின்றவர். பந்தலுக்குக் கூலி பேசிக் கூப்பிட்டார்களே தவிர, பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். தெரிந்ததும் கூட்டத்துக்குச் சங்கடமாகிவிட்டது. அவரை மேலே அழைத்து உட்கார வைத்தார்கள். அவரோ ஓரிரு நிமிடத்தில் வேலை கிடக்கிறது என்று எழுந்துவிட்டார். நடுவில் கூப்பிட்டு உட்கார வைக்கும் நாற்காலியில் யாருக்குத்தான் இருப்புக்கொள்ளும்? அழைப்பு முன்கூட்டியே, மற்றவர்களுக்குப் போனது போலவே போயிருக்க வேண்டும்.

படிப்பை விட்டவர்கள் வந்தால் கூச்சப்படுவார்கள், நாமாக ஏன் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று சொல்வார்கள். கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவராக மைக் பிடித்து என்ன வேலை பார்த்தேன், பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லும் நிகழ்ச்சியிலிருந்து வருகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டச் சொல்வதிலிருந்து வருகிறது. கட்டாதவர் பெயர் குழுவில் எல்லோருக்கும் தெரிகிறது. கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்தத் தொகை பல நாள் கூலி. அவர் “அன்னைக்கு ஒரு விசேசம் இருக்கு” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார். அழைக்காமலே ஒருவரை விலக்கிவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், யார் எவ்வளவு என்று இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். அறிமுகத்துக்கு, எந்த பெஞ்சில் யாரோடு உட்கார்ந்தாய் என்று கேட்டால் போதும். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. வகுப்பில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள் பள்ளி விட்டதும் தனித்தனித் தெருக்களுக்குத்தான் போனார்கள். பல ஊர்களில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சாப்பிடப் போனதில்லை. கூடலை ஒருவர் வீட்டுத் தோட்டத்திலோ, ஒரு சமூகத்துக்கு உரிய மண்டபத்திலோ வைத்தால், வர வேண்டியவர்களில் சிலர் அதை வாசலிலேயே உணர்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் வைப்பதே நல்லது. அவர்கள் எல்லோருக்கும் ஒரே உரிமை இருந்த இடம் ஊரில் அது ஒன்றுதான்.

சேர்க்கைப் பதிவேடு பள்ளிகள் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம். ஓரம் செல்லரித்திருக்கும், மை மங்கியிருக்கும். ஆனாலும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் எல்லாம் வரிசையாக இருக்கும். ‘நீண்ட நாள் வராமை’ என்று சிவப்பு மையில் எழுதிய வரிகளைத்தான் முதலில் தேட வேண்டும். குழுவில் இரண்டு பேர் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, அவர் முன்னிலையில் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டால் பட்டியல் முழுமையாகும்.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். வாக்கப்பட்டுப் போன ஊர் தெரியாது, எண் மகன் பெயரில் இருக்கும். ஆண் குரல் கேட்டால், “யாரு நீங்க, அம்மாகிட்ட என்ன பேசணும்?” என்று மகன் கேட்பார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பேசும் பொறுப்பை வகுப்பின் பெண்களிடம் விட வேண்டும். அண்ணன் தம்பி வைத்திருக்கும் மளிகைக் கடையில் விசாரித்தால் ஊர் தெரிந்துவிடும். தேதியையும் பெண்களுக்கு ஏற்ற மாதிரி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வசதி. அம்மன் கோயில் பொங்கலுக்கு எப்படியும் பிறந்த ஊருக்கு வருகிற பெண்களுக்கு மறுநாள் காலைதான் வசதி. கணவரிடம் தனியாகச் சொல்லி அனுமதி கேட்க வேண்டியிருக்காது, பேருந்துச் செலவும் இல்லை.

அந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே வகுப்பில் படித்த இருவருக்கு அறுபது வயது இருவேறு விதமாக வருகிறது. ஒருவருக்குப் பணிக்கொடையும் ஓய்வூதியமும் கிடைக்கின்றன. இன்னொருவர் ஆதரவற்றவராக இருந்தால் மாதாந்திர முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி பெறுகிறார். அதற்கும் வயதை நிரூபிக்க வேண்டும். ஆதாரில் குத்துமதிப்பாக ஏதோ ஒரு ஆண்டு ஜனவரி 1 என்று விழுந்து, வயது குறைந்துபோய் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிறந்த தேதி இருக்கிறது; அதற்குச் சான்று வாங்கலாம். தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, எந்தத் தாளை வைப்பது என்பதெல்லாம் முப்பது ஆண்டு அரசு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கூட்டாளிக்கு அத்துபடி. கேக்குக்கும் டீ-ஷர்ட்டுக்கும் ஓடியாடுகிற அக்கறையில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம். கூடல் நடக்கும் வளாகத்திலேயே ஒரு மேசை போட்டு, ஆதாரோடு வரச் சொல்லிவிட்டால், யார் யாருக்கு உதவித்தொகை வரவில்லை, மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை என்பது ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

பராபவ ஆண்டில் அறுபது நிறைகிற வகுப்புகள் பேச்சைத் தொடங்கும் நேரம் இது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், சேர்க்கைப் பதிவேட்டின் 1972 ஜூன் பக்கத்தைத் திறந்து காட்டும்படி கேளுங்கள்.