யாருடைய சுதந்திரம்?

‘சுதந்திர வர்த்தகம்’ என்ற சொற்றொடரிலே ஒரு மயக்கம் இருக்கிறது. சுதந்திரம் என்றதும் கைதட்டப் பழகிவிட்ட நாம், அது எவருக்கு என்று கேட்க மறந்துவிடுகிறோம். மெக்சிக்கோவின் சோளக் கமக்காரர் இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகக் கொடுத்தனர்.

சோளம் மனிதன் கைப்பட்டுப் பயிரானது மெக்சிக்கோ மண்ணிலே. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர். அந்நாட்டை அமெரிக்க ஐக்கிய நாடுகளோடும் கனடாவோடும் பிணைத்த வர்த்தக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 1992இலேயே அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை திருத்தப்பட்டு, கிராமக் கூட்டு நிலங்களை விற்க வழி திறக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தம் பிறந்த அதே நாளில் சியாப்பாஸ் மாநிலத்துப் பழங்குடிக் கமக்காரர் ஆயுதம் ஏந்தியதில் வியப்பென்ன?

சோளத்துக்கு 15 ஆண்டுகாலப் பாதுகாப்பு உண்டென்று ஒப்பந்தம் கூறிற்று. குறித்த அளவுக்கு மேல் வருவதற்குத் தீர்வை விதிக்கலாம். மெக்சிக்கோ அரசோ அத்தீர்வையை அறவிடாமலே இறக்குமதியை அனுமதித்தது. நெடுங்காலம் உத்தரவாத விலைக்குச் சோளம் வாங்கிவந்த ‘கொனாசுப்போ’ என்னும் அரச நிறுவனம் 1999இல் மூடப்பட்டது. எல்லைக்கு அப்பால், 2002ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் அமெரிக்கப் பண்ணையாளருக்கு மேலும் மானியத்தை வாரி வழங்கிற்று. ஒருவன் கையைக் கட்டிவிட்டு, மற்றவன் கையில் வாளையுங் கொடுத்து, ‘சமமாகப் பொருதுங்கள்’ என்பதா சுதந்திரம்?

‘கமக்காரன் நட்டப்பட்டாலும் உண்பவனுக்கு மலிவு’ என வாதிப்போர் உளர். மெக்சிக்கோ ஏழையின் உணவு தோர்த்தியா என்னும் சோள ரொட்டி. அமெரிக்கச் சோளம் எரிபொருளாக்கப்பட, உலக விலை ஏறிற்று. ரொட்டியின் விலையேற்றத்தைக் கண்டித்து 2007 ஜனவரியில் தலைநகரின் வீதிகளிலே பல்லாயிரவர் திரண்டனர். சோளம் மலிந்த காலத்தில் விளைத்தவன் வீழ்ந்தான். விலையேறிய காலத்தில் உண்டவன் வாடினான். 2020இல் புதிய ஒப்பந்தம் வந்தது. சோளமோ தீர்வையின்றியே எல்லை கடந்தது.

இது நமக்கு அயலார் கதையன்று. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரரும் இவ்வாறே வீழ்ந்தனர். அதற்கு ஒப்பந்தங்கூடத் தேவைப்படவில்லை.

வணிகமே வேண்டாமென்பதன்று நம் வாதம். எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகுமுன் அதன் வாசகம் கமக்காரர் சங்கங்களின் முன், அவர்தம் மொழியிலேயே வைக்கப்படவேண்டும். உணவுப் பயிரைக் காக்கும் தீர்வையும் உத்தரவாத விலையும் பேரத்துக்கு அப்பாற்பட்டவையாதல் வேண்டும். இக்கோரிக்கையை வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் எழுப்புவது நம் கடன்.